குழந்தைகள் வார்டில் கோமாளி வேலை: மேடை அனுபவம் மட்டும் போதுமா?

மேடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நாடகம், மைம், கொஞ்சம் ஜக்ளிங் என்று பல வருடமாக மேடையில் காலம் தள்ளுகிறவன் நான். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காகக் கோமாளி வேடம் போடும் குழு ஒன்று ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுத் தேர்வுக்குப் போனேன். கண்ணுக்குத் தெரியாத நாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும் ஐட்டத்தைச் செய்து காட்டினேன். எல்லோரும் நன்றாகவே சிரித்தார்கள். முடிந்ததும் குழுவின் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் குழந்தைக்கு என்ன வேலை?" எனக்குப் பதில் வரவில்லை. "சரி, பயிற்சிக்கு வாங்க, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். மேடைக் கோமாளிக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஊசி போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கச் சொல்வார்களா? அப்புறம், இதற்குச் சம்பளம் வாங்கலாமா? "நோயாளிக் குழந்தையைச் சிரிக்க வைக்கக் காசா?" என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

சிவப்புமூக்கு

அந்த மூத்தவர் கேட்டதுதான் மொத்தப் பாடமும். மற்றதெல்லாம் அதற்கு உரை.

மேடையில் உங்களைப் பார்க்க வந்தவர்கள் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வார்டில் இருக்கும் குழந்தை உங்களைக் கூப்பிடவும் இல்லை, எழுந்து போகவும் முடியாது. காலையிலிருந்து யார் யாரோ வந்து கையைப் பிடித்திருப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள். மாத்திரை வேண்டாம் என்றாலும் கொடுப்பார்கள், ரத்தம் எடுக்க வேண்டாம் என்றாலும் எடுப்பார்கள். அந்தக் கட்டடத்திலேயே குழந்தை "வேண்டாம், போ" என்று விரட்டக்கூடிய ஒரே பெரிய மனிதர் கோமாளிதான். கதவைத் தட்டி "வரலாமா?" என்று கேட்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. வேண்டாம் என்றால் போய்விட வேண்டும். "ஒரே ஒரு பாட்டு மட்டும்" என்று பேரம் பேசக் கூடாது.

ஆனால் போவதையே விளையாட்டாக்கலாம். ஆறு வயதுக்காரி ஒருத்தி, இடது கையில் டிரிப்ஸ். கதவைத் திறந்ததுமே "வெளியே!" என்றாள். போனோம். போகிற போக்கில் கூட வந்த என் ஜோடிக் கோமாளியின் கோட்டு வால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. திரும்பக் கதவைத் திறந்து, "மன்னிக்கணும், இது என்னுடையது" என்று வாலை எடுத்துக்கொண்டார். மறுபடி "வெளியே!", ஆனால் இந்த முறை குரலில் கொஞ்சம் குஷி. அடுத்து நான் தொப்பியை உள்ளே மறந்தேன். அதற்கடுத்து ஜோடியையே உள்ளே மறந்துவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன். கடைசி வரை அறைக்குள் இரண்டு எட்டுக்கு மேல் வைக்கவில்லை. முடிவில் அவள் வாயைக்கூடத் திறக்கவில்லை. டிரிப்ஸ் இல்லாத கையின் சுண்டுவிரலை அசைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் சுவரில் மோதி வராந்தாவில் விழுந்தோம். வித்தை என்று எதையும் நாங்கள் காட்டவே இல்லை.

உங்கள் நாயையும் வார்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் கயிறு குழந்தையின் கையில் இருக்கும். அது நாயா புலியா, கடிக்குமா கடிக்காதா, யாரைக் கடிக்கும் என்பதெல்லாம் குழந்தை தீர்மானிக்கும்.

பெரும்பாலான குழுக்கள் ஜோடியாகவே ஆள் அனுப்புகின்றன. அதிகாரம் பண்ணும் கோமாளி, அசட்டுக் கோமாளி என்பது சர்க்கஸ் காலத்துப் பழைய ஏற்பாடு. வார்டில் அந்த இரண்டு பேருக்கும் மேலதிகாரியாகக் குழந்தையை உட்கார வைக்கிறோம். இன்னொரு வசதியும் உண்டு: குழந்தைக்குப் பேச விருப்பமில்லாவிட்டால் நாங்கள் இருவரும் எங்களுக்குள் விளையாடிக்கொள்ளலாம், அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். தனி ஆளாகப் போனால் கவனம் முழுதும் குழந்தை மேல்தான் விழும். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அதுவே பாரம்.

ஊசி விஷயத்தைச் செவிலியர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இரவுப்பணி

சொல்கிறேன். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். கோமாளிகள் வருவதை முதலில் ரசிக்காதவர்களில் நானும் ஒருத்தி. காரணம் சத்தம். ஒரு படுக்கையில் பிள்ளை சிரித்தால், விடிய விடிய அழுது அப்போதுதான் கண்ணயர்ந்த பக்கத்துப் படுக்கைப் பிள்ளை எழுந்துவிடும். இப்போது வருகிற ஜோடி அப்படிச் செய்வதில்லை. வேடம் போடுவதற்கு முன்பே வந்து எங்களிடம் விவரம் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாத குழுவை நான் உள்ளே விடமாட்டேன்.

என்ன கேட்பார்கள்? அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருக்கும் பிள்ளை யார் (அங்கே சாப்பாட்டு ஜோக் கூடாது). வயிற்றில் தையல் போட்ட பிள்ளை யார். இதை வெளியாட்கள் யோசிக்கவே மாட்டார்கள்: சிரித்தால் தையல் இழுக்கும், வலிக்கும். அந்தப் பிள்ளையிடம் புன்னகையோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். தனிமை அறையில் யார், கண் தெரியாதவர் யார், இன்று காலை எந்தக் குடும்பத்துக்குக் கெட்ட செய்தி போயிருக்கிறது. இத்தனையும் தெரிந்துகொண்டு, தெரியாதது மாதிரி உள்ளே போக வேண்டும். கேட்டதை வார்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

அடுத்து, கிருமி. ஒவ்வொரு படுக்கைக்கும் முன்னும் பின்னும் கை சுத்தம். சட்டைக் கை முழங்கைக்கு மேலே. மோதிரம், வாட்ச் வேண்டாம். இறகு, பஞ்சு பொம்மை, ஜிகினாத் தூள் எதுவும் கிடையாது. துடைக்க முடிந்த பொருள் மட்டும்தான். லேடெக்ஸ் பலூனுக்கு எங்கள் வார்டில் தடை. ஒவ்வாமை ஒரு பக்கம், வெடித்த துண்டைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சடைக்கும் என்பது இன்னொரு பக்கம். மூக்கைச் சரிசெய்யக் கை தானாகப் போகும் பாருங்கள், அந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள். யுகுலேலே என்ற குட்டி கிட்டார் கொண்டு வந்தால் அதையும் துடைக்க வேண்டும்.

இப்போது ஊசி. ஊசியோடு சேர்ந்து உள்ளே வரும் கோமாளியால் உபயோகம் இல்லை, கெடுதல்தான். "கோமாளி வந்தால் குத்துவார்கள்" என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும், அப்புறம் உங்களைக் கண்டாலே அழும். முன்பே வந்து பழகியிருக்க வேண்டும். "வலிக்காது" என்று சொல்லக் கூடாது. வலிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கைதான் போகும். பிள்ளையை அமுக்கிப் பிடிக்க ஒருபோதும் கை கொடுக்காதீர்கள். ஊசி போடும் கைக்கு எதிர்ப்பக்கம், பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து நில்லுங்கள். சில பிள்ளைகளுக்கு ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தைரியம். அவர்கள் முகத்தைத் திருப்பப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும். நான் பேசினால் நீங்கள் நிறுத்துங்கள், நீங்கள் பாடினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆளாளுக்குப் பேசினால் பிள்ளைக்குப் பயம்தான் ஏறும்.

எண்கணக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? "சிரிப்பே மருந்து" ரகப் பேச்சைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும்.

2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை வந்தது. மொத்தம் 1,612 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும். பதற்றம் குறைகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. வலி குறைகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தவிர, கோமாளி வந்தாரா இல்லையா என்பதைக் குழந்தையிடமிருந்து மறைத்துச் சோதிக்க வழியே இல்லை. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலிக் கோமாளிக்கு எங்கே போவது?

இன்னொன்று, 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 16 வயது வரையான 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டார்கள். கோமாளி என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, பெரிய பிள்ளைகளில் சிலருக்குப் பயமாகக்கூட இருந்தது என்பதுதான் செய்தியில் வந்தது.

சிவப்புமூக்கு

நல்ல கேள்வி. ஷெஃபீல்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கேட்டது சுவரில் வரையும் படங்களைப் பற்றி. சுவரில் இருக்கும் கோமாளியை "வெளியே!" என்று விரட்ட முடியாது. ராத்திரி விளக்கணைத்த பிறகும் பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே இருப்பான். எனக்கே பயமாகத்தான் இருக்கும்.

பயம் பொய் என்று சொல்லவில்லை. ஒன்று முதல் மூன்று வயது வரை அந்நியர் என்றாலே அழும் பிள்ளைகள் உண்டு, அதில் சிவப்பு மூக்கு வேறு. முகம் முழுக்க வெள்ளை பூசுவதை எங்களைப் போன்ற குழுக்கள் விட்டுவிட்டதற்கு அதுவே காரணம். முகத்தைப் படிக்க முடியாத ஆளைக் குழந்தை நம்பாது. மூக்கு ஒன்று, கன்னத்தில் ஒரு பொட்டு மை, அவ்வளவுதான். ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் அதன் முகத்தையே பார்க்காமல் அம்மாவின் செருப்போடு பேசிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அதுவே எட்டிப் பார்க்கும். பார்க்காவிட்டால் டாட்டா.

ஆதாரம் என்றால் எனக்குப் பிடித்தது 2005இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த ஆய்வு. சிறிய அறுவை சிகிச்சைக்கு வந்த 40 குழந்தைகள். பாதிப் பேருடன் பெற்றோரில் ஒருவர் மட்டும், மீதிப் பேருடன் பெற்றோரும் கோமாளிகளும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் கோமாளிகள் இருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைவு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இது பிள்ளைகளுக்கு நல்லது என்று ஒப்புக்கொண்ட ஊழியர்களே, அறுவை அரங்க வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னார்கள். இரவுப்பணி அக்கா ஏன் அந்தப் பத்து நிமிடத்துக்கு அடம்பிடிக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோமாளி பிள்ளையோடு மட்டும் வேலை செய்தால் போதாது. தரை துடைப்பவர் முதல் மயக்க மருந்து நிபுணர் வரை எல்லோருடைய நேரத்துக்கும் நடுவே நுழையத் தெரிய வேண்டும்.

எண்கணக்கு

ஏற்றுக்கொள்கிறேன். பதற்றத்துக்கு உதவும், நோய்க்கு மருந்தில்லை என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சண்டை இல்லை.

சிவப்புமூக்கு

எங்களுக்கும் இல்லை. நோயைக் குணமாக்குகிறேன் என்று கிளம்பும் கோமாளியைக் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

துணைக்கிருப்பவன்

என் பையன் மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போனதால் கண்ணாடி அறை. கோமாளிகள் வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். குரல் கேட்காது. அதனால் அவர்கள் அவனுக்கு மீன்களாகிவிட்டார்கள். இவன் உள்ளேயிருந்து விரலைக் கண்ணாடியில் வைத்து நகர்த்துவான், அந்த இடத்துக்கு ஓடி வந்து வாயைத் திறந்து மூடுவார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே என்னைக் கண்ணாடியை ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, என் தலைக்குப் பின்னால் விரலை வைத்தான். இரண்டு மீனும் என் தலையையே முறைத்துக்கொண்டிருந்தன. அவன் என்னை வைத்துச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது தன்னார்வக் குழு ஒன்று வந்தது; பெயர் வேண்டாம். கலர் விக், பெரிய பூட்ஸ், கூடவே கேமரா. கதவைத் தட்டவில்லை. மொட்டைத் தலையோடு படுத்திருந்த பையன் பக்கத்தில் நின்று இரண்டு பேர் படம் எடுத்தார்கள். அவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். கையில் ஒரு பொம்மையைத் திணித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மனசு கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது யாருக்காக நடந்தது என்பது அவனுக்கே புரிந்துவிட்டது.

ஏழாம்படுக்கை

நான் மறுபக்கத்து ஆள். பதினாலு வயதில் காலில் கம்பி போட்டுப் படுத்திருந்தேன். குழந்தைகள் வார்டில் அந்த வயதுக்காரன் படும் அவமானம் பற்றித் தனி இழையே போடலாம். சுவரெல்லாம் முயல் படம். கோமாளியைக் கண்டால் அப்படியே எரிச்சல் வரும். "நான் சின்னப் பிள்ளை இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் ஒரு அம்மா கோமாளி வந்து, எதுவும் செய்யாமல், தன் ஜோடிக்குச் சீட்டாட்டம் தெரியவில்லை, தினமும் தோற்று அழுகிறான், ஏமாற்றி ஜெயிக்க வழி சொல்லித் தர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த ஜோடி வந்து, நான் சொன்ன முறையில் ஏமாற்றி, ரொம்ப மோசமாக மாட்டிக்கொண்டு, "கத்துக்கொடுத்தவரே அவர்தான்" என்று என்னைக் கைகாட்டினார். வார்டு முழுக்க என் பெயர் நாறியது. அதற்குப் பிறகு அவர்கள் வரும் கிழமையை நினைவு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

மேடைக்காரன்

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. காசு பற்றி யாரும் பேசவில்லையே. இன்னொன்றும் கேட்க வேண்டும்: பிள்ளை இறந்துபோனால்?

சிவப்புமூக்கு

காசு: தாராளமாக வாங்குங்கள். இந்த வேலை முறைப்படி தொடங்கியதே தொழில்முறைக் கலைஞர்களை வைத்துத்தான். நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸை நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986இல் மருத்துவமனைக்கென்றே கோமாளிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். டாக்டர்களைக் கேலி செய்யும் டாக்டர் வேடம் அங்கிருந்து பரவியது. சிவப்பு மூக்கு மாற்று அறுவை சிகிச்சை என்பதெல்லாம் அந்த வழிதான். அதே ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் கேரன் ரிட் என்ற பெண் 'ரோபோ' என்ற கோமாளியாகக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தார். அவருடையது வேறு வழி. நியூயார்க்கில் பழகியவர்கள் 1991இல் பாரிஸிலும் சாவோ பாலோவிலும் தனித்தனிக் குழுக்களைத் தொடங்கினார்கள். 2015இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தில், குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளில் கோமாளி இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

பல குழுக்களில் கோமாளிக்குச் சம்பளம் உண்டு; குடும்பத்திடம் ஒரு காசு வாங்குவதில்லை. நன்கொடையில்தான் வண்டி ஓடுகிறது. வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: சம்பளம் வாங்குகிறவர் மழை பெய்தாலும், மனசு சரியில்லாவிட்டாலும் அதே கிழமை வந்தாக வேண்டும். வருவேன் என்று சொல்லிவிட்டு வராத கோமாளியைவிட வராமலே இருந்தவர் மேல். தன்னார்வலர்களில் ஒழுங்காக வருகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. பயிற்சியும் கண்டிப்பும் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இறப்பு: நடக்கும். போன வாரம் உங்களைச் சுவரில் மோத வைத்த பிள்ளையின் படுக்கையில் இந்த வாரம் வேறு பிள்ளை இருக்கும். விவரம் கேட்கும்போதே செவிலியர் சொல்லிவிடுவார்கள், ஐந்து நிமிடத்தில் நீங்கள் மூக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்குப் போகாதீர்கள். எங்கள் குழுவில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. சில நேரம் பெற்றோரே கடைசி நாட்களில் கூப்பிடுவார்கள். அங்கே போய்ச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள். மெதுவாக ஒரு பாட்டு, அதுவும் அவர்கள் கேட்டால். வேலை முடிந்ததும் ஜோடியோடு உட்கார்ந்து பேசாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் விதி. உளவியல் ஆலோசகரோடு கூட்டமும் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத குழு என்றால் நான் சேர மாட்டேன், நீங்களும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மேடைக்காரன்

சரி, கேட்டுவிடுகிறேன். வீட்டிலும் இதை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். அடுத்த வாரம் பயிற்சி. கொண்டுபோக வேண்டியது என்று ஏதாவது உண்டா?

இரவுப்பணி

தடுப்பூசி விவரச் சீட்டு. தட்டம்மை, சின்னம்மை போட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேட்பார்கள். சின்னம்மை உங்களுக்கு வந்து போயிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு போங்கள். முன்பக்கம் மூடிய, துவைக்க முடிந்த, கிறீச் சத்தம் போடாத ஷூ. மூக்கு குறைந்தது இரண்டு வேண்டும்; ஒன்று கீழே விழுந்தால் அன்றைக்கு அதைத் திரும்பப் போட விடமாட்டோம். சளி, இருமல், வயிற்றுப்போக்கு எது இருந்தாலும் போன் பண்ணிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.

சிவப்புமூக்கு

அக்கா சொன்னதோடு, சீட்டுக்கட்டு வாங்கினால் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். காகிதச் சீட்டைத் துடைக்க முடியாது.